பெயிலானது யார்?



பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் நம் ஊரில் அதிகம் புழங்கும் ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால், யாரும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடலாம். பெயில்.

"மகன் பாஸா, பெயிலா?" "அவட மூத்த பிள்ளை பெயிலாம்." "கணக்குல பெயில் விட்டுட்டான்." ஆங்கிலத்தில் ஒரு வசனம் எழுதத் தெரியாத மூத்தம்மா கூட இந்தச் சொல்லைச் சரளமாகச் சொல்வார். பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்கிறோம், பதினாறு வயதுப் பிள்ளைக்கும் சொல்கிறோம். சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தப் பிள்ளை மட்டும் அந்தச் சொல்லோடு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

பாடசாலையில் ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகளுக்கு விளக்குவது நம் தொழில். இந்த ஒரு சொல்லை ஊரோடு சேர்ந்து கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம் என்று தோன்றியது. பதிவு நீளமானதுதான். பெறுபேறு வருவதற்கு முன்னர் ஒரு தடவை பொறுமையாக வாசித்துவிடுங்கள்.

*முதலில், நாம் எங்கே இதைச் சொல்கிறோம்?*

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 200 புள்ளிகள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். மொழிமூலத்துக்கு ஏற்பவும் வேறுபடும். அந்தப் புள்ளி எதற்காகப் போடப்படுகிறது? வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கொடுக்க ஒரு கோடு தேவை. பிரபல பாடசாலைகளில் இருக்கும் கொஞ்ச இடங்களை நிரப்ப ஒரு கோடு தேவை. அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, கணக்குத் தெரியாது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு மாவட்டத்தில் கோட்டுக்கு மேலே இருக்கும் புள்ளி இன்னொரு மாவட்டத்தில் கீழே போய்விடும். பிள்ளையின் மூளை மாவட்ட எல்லையில் மாறுமா?

ஆனாலும் நாம் என்ன சொல்கிறோம்? "ஸ்கொலர்ஷிப் பெயில்."

அடுத்து ஓ.எல். சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளை எடுத்துப் பாருங்கள். ஏ, பி, சி, எஸ், டபிள்யூ என்று ஐந்து எழுத்துகள். 35 புள்ளிக்குக் கீழே எடுத்தால் டபிள்யூ. அது 'வீக்' என்ற சொல்லின் முதலெழுத்து. பலவீனம் என்று பொருள். உயர்தரத்தில் எஃப் என்ற எழுத்து உண்டு, அது பெயிலைத்தான் குறிக்கிறது. ஆனால் ஓ.எல். தாளில் எஃப் கிடையாது. "இந்தப் பாடத்தில் நீ பலவீனம்" என்றுதான் அந்தத் தாள் சொல்கிறது. பெயில் என்ற சொல்லை அதில் வாசிப்பவர்கள் நாம். திணைக்களம் எழுதாததை ஊர் எழுதிக்கொள்கிறது.

*சொல் எங்கிருந்து வந்தது?*

ஆங்கிலத்தில் 'ஃபெயில்' ஒரு வினைச்சொல். அது ஆங்கிலேயரின் சொந்தச் சொல்லும் அல்ல. 1066இல் நோர்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி வந்து உட்கார்ந்தது. அந்த வழியில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. 1200ஆம் ஆண்டளவில் வந்த சொற்களில் இதுவும் ஒன்று. பழைய பிரெஞ்சில் 'ஃபாயிர்'. அதற்கும் முன்னால் இலத்தீனில் 'ஃபல்லெரே'.

இலத்தீனில் அதற்கு என்ன பொருள் தெரியுமா? ஏமாற்றுதல். காலை இடறிவிடுதல். ஒருவருடைய கண்ணுக்குத் தப்பிப் போதல்.

அதாவது இந்தச் சொல் பிறந்தபோது 'தோற்றவன்' என்ற கருத்து அதில் இல்லவே இல்லை. 'ஏமாற்றியது' என்ற கருத்துத்தான் இருந்தது. இதே குடும்பத்தில் பிறந்த மற்றச் சொற்களைப் பாருங்கள். பொய்யானது என்ற பொருளில் வரும் 'ஃபோல்ஸ்'. குறை, பிழை என்ற பொருளில் வரும் 'ஃபோல்ட்'. பிழையான வாதம் என்ற பொருளில் வரும் 'ஃபலசி'. கடன் கட்டத் தவறுவதைக் குறிக்கும் 'டிஃபோல்ட்'. எல்லாம் ஒரே வேரின் கிளைகள். 2022இல் நம் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றபோது செய்திகளில் தினமும் கேட்ட அந்த 'டிஃபோல்ட்' இந்தப் பெயிலுக்கு உறவுக்காரச் சொல்தான்.

ஒரு விடயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகளில் பலர் 'ஃபெயில்' என்பதும் விழுதலைக் குறிக்கும் 'ஃபோல்' என்பதும் ஒரே சொல் என்று நினைக்கிறார்கள். இல்லை. 'ஃபோல்' பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல், ஜெர்மானிய வேர். 'ஃபெயில்' இலத்தீன் வேர். ஓசை கிட்ட வருகிறது, உறவு இல்லை. ஆகவே பெயில் என்றால் விழுந்துவிட்டான் என்று விளக்கம் சொல்வதற்கு மொழியில் ஆதாரம் கிடையாது.

*மழை பொய்த்தது*

ஏமாற்றுதல் என்ற பொருள் எப்படிப் பரீட்சை வரைக்கும் வந்தது? இதை ஆங்கிலத்தில் விளக்குவதை விடத் தமிழில் விளக்குவது சுகம்.

மழை வர வேண்டிய காலத்தில் வராவிட்டால் நம் வயற்காரர்கள் என்ன சொல்வார்கள்? "இந்த முறை மழை பொய்த்துப் போச்சு." மழை எப்படிப் பொய் சொல்லும்? அதற்கு வாய் இருக்கிறதா? இல்லை. ஆனால் மாரி மழையை நம்பி உழுது, விதை நெல் வாங்கி, பசளைக்குக் கடன் பட்டுக் காத்திருந்தவனுக்கு அது பொய்தான். நம்பினது வரவில்லை. அதனால் பொய்த்தது.

இலத்தீனின் 'ஃபல்லெரே' நடந்த பாதையும் இதுதான். ஏமாற்றுதல் என்ற பொருள், நம்பிய நேரத்தில் வராமல் போதல் என்று மாறியது. பிறகு குறைந்து போதல், இல்லாமல் போதல் என்றானது. ஆங்கிலத்தில் மழை பொய்த்தாலும் 'ஃபெயில்' என்பார்கள், பயிர் விளையாமல் போனாலும் 'ஃபெயில்' என்பார்கள். ரோமாபுரிக்காரனுக்கும் நம் வயற்காரனுக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. மழை பொய்த்த வருடம் நெல் விளையவில்லை. யாராவது நெற்பயிரைப் பார்த்து "நீ பெயில்" என்று சொல்வார்களா? தண்ணீர் கிடைத்ததா, வாய்க்கால் வெட்டினார்களா, பசளை நேரத்துக்கு வந்ததா என்றுதான் கேட்பார்கள். பயிருக்குக் காட்டும் நியாயத்தைப் பிள்ளைக்குக் காட்ட நமக்கு ஏன் மனம் வரவில்லை?

*இதே வேர் மற்ற மொழிகளில்*

பிரெஞ்சில் இந்த வேரிலிருந்து வந்த இன்னொரு வினை 'ஃபலுவார்'. தினமும் பயன்படும் அதன் வடிவம் 'இல் ஃபோ'. அதன் பொருள் 'வேண்டும்', 'தேவை'. இல்லாமல் போனது எதுவோ அதுவே தேவையானது என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லைத் திருப்பிவிட்டார்கள். ஸ்பானிய மொழியில் 'ஃபால்தா' என்றால் குறை. "எனக்கு இது ஃபால்தா ஆகிறது" என்று அவர்கள் சொன்னால் "எனக்கு இது தேவைப்படுகிறது" என்று பொருள்.

ஜெர்மன்காரர்கள் பழைய பிரெஞ்சிடமிருந்து இதைக் கடன் வாங்கி 'ஃபேலன்' என்று வைத்துக்கொண்டார்கள். இல்லாதிருத்தல் என்று பொருள். அங்கே நோயாளி வந்து உட்கார்ந்ததும் டொக்டர் கேட்கும் வழமையான கேள்வி 'வாஸ் ஃபேல்ட் ஈனன்?' நேர்ப்பொருள்: "உங்களுக்கு என்ன குறைகிறது?"

ஒரே வேர். அங்கே டொக்டர் அதைக் கேள்வியாகக் கேட்கிறார். இங்கே நாம் அதைத் தீர்ப்பாகச் சொல்கிறோம். பெறுபேறு வந்த அன்று பிள்ளையிடம் "நீ பெயில்" என்று சொல்வதற்கும் "உனக்கு எது குறைகிறது?" என்று கேட்பதற்கும் இடையில் ஒரு பிள்ளையின் எதிர்காலமே இருக்கிறது.

*ஆங்கிலத்தில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?*

ஓ.எல். எழுதப்போகும் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

ஒன்று. 'வித்தவுட் ஃபெயில்' என்றால் தவறாமல். "தினமும் தவறாமல் வா." இங்கே தமிழின் 'தவறு' என்ற வினை ஆங்கிலச் சொல்லோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. தவறுதல் என்றால் குற்றம் செய்தல் மட்டுமல்ல. குறி தவறியது, பஸ் தவறியது, கை தவறி விழுந்தது. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதே அடிப்படை.

இரண்டு. 'ஃபெயில் டு' என்று இன்னொரு வினையோடு சேர்ந்து வந்தால், அதைச் செய்யவில்லை என்று பொருள். கடன் கடிதங்களில் "குறித்த திகதிக்குள் செலுத்தத் தவறும் பட்சத்தில்" என்று வருவது இதுதான். அங்கே ஆளின் தகுதியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. செய்தாரா, செய்யவில்லையா என்பது மட்டும்தான்.

மூன்று. பார்வை மங்கினால், வெளிச்சம் குறைந்தால், பிரேக் பிடிக்காமல் போனால், எல்லாவற்றுக்கும் 'ஃபெயில்' வரும். பேச வார்த்தை வராத நேரத்தில் 'வேர்ட்ஸ் ஃபெயில் மீ' என்பார்கள். வார்த்தைகள் என்னைக் கைவிட்டன.

நான்கு. 'ஹார்ட் ஃபெயிலியர்'. வார்ட்டில் இந்தச் சொல்லைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்று நினைத்துக் குளறி அழுபவர்கள் உண்டு. இதயம் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தை இதயத்தால் பம்ப் பண்ண முடியவில்லை என்றுதான் பொருள். மருந்து உண்டு, உணவுக் கட்டுப்பாடு உண்டு, கவனமாக இருந்தால் பல வருடம் வாழ்பவர்களும் உண்டு. அதைக் கேட்டவுடன் யாரும் கபன் துணி வாங்கப் போவதில்லை, சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். இதயத்தின் பெயிலுக்கு இருக்கும் சிகிச்சை கணக்குப் பாடத்தின் பெயிலுக்கு இல்லையா?

ஐந்து. பரீட்சைக்கு வரும்போது 'ஐ ஃபெயில்ட் த எக்ஸாம்' என்பதே வழமையான வசனம். பிள்ளைகள் இடையில் 'இன்' போட்டு எழுதுகிறார்கள், 'ஐ ஆம் ஃபெயில்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டாவது பிழையைக் கவனித்துப் பாருங்கள். அது இலக்கணப் பிழை மட்டும் அல்ல. ஒரு நாள் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லும் வினையைப் பிள்ளை தன்னுடைய பெயராக்கிக்கொள்கிறது. நான் பெயில்.

இந்தப் பிழை பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? நம் பேச்சிலிருந்துதான். தமிழ் ஆங்கில வினைகளை அப்படியே எடுப்பதில்லை. பக்கத்தில் 'ஆகு', 'பண்ணு', 'விடு' என்று ஏதாவது ஒட்ட வேண்டும். பெயிலாகிட்டான், பாஸ் பண்ணிட்டான், பெயில் விட்டுட்டான். சில நேரம் அந்த ஒட்டையும் விட்டுவிட்டு "அவன் பெயில்" என்று முடிக்கிறோம். "அவன் டொக்டர்", "அவன் மேசன்" என்பது போல "அவன் பெயில்". வினை போய்விட்டது. பட்டம் மட்டும் மிஞ்சியது.

*மனிதனுக்குப் பெயராக மாறிய வரலாறு*

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இந்த நோய் வந்தது. 17ஆம் நூற்றாண்டில் 'ஃபெயில்' என்ற சொல் வியாபாரத்துக்குள் நுழைந்தது. கடை முறிந்தால், கடன்காரர்களுக்குக் கொடுக்க முடியாமல் போனால் 'ஃபெயில்' என்றார்கள். 'ஃபெயிலியர்' என்ற பெயர்ச்சொல்லும் அந்த நூற்றாண்டில்தான் வந்தது. அப்போதும் அது நடந்த ஒரு காரியத்தின் பெயர்தான். ஒரு மனிதனையே 'ஃபெயிலியர்' என்று அழைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஸ்கொட் சாண்டேஜ் 2005இல் வெளியிட்ட 'போர்ன் லூசர்ஸ்' என்ற புத்தகம் முழுக்க இந்த மாற்றத்தைப் பற்றியதுதான். வியாபாரத்தில் நடந்த ஒரு முறிவைக் குறித்த சொல், எப்படி மனிதனுடைய குணத்தைக் குறிக்கும் சொல்லாக மாறியது என்பதை அவர் கடிதங்கள், கடன் பதிவுகள் எல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

நம் ஊரில் பாதிப் பேர் வியாபாரம் செய்பவர்கள். கடை முறிந்தவர்கள் எத்தனை பேர் எழும்பி மறுபடி கடை போட்டிருக்கிறார்கள்! அவர்களை நாம் "பெயில்" என்று வாழ்நாள் முழுக்க அழைக்கிறோமா? "அந்த நேரம் வியாபாரம் சரிவரல்ல" என்று மரியாதையாகச் சொல்கிறோம். நாற்பது வயதுக்காரருக்குக் கொடுக்கும் அந்த மரியாதையைப் பத்து வயதுக்குக் கொடுக்க மறுக்கிறோம்.

*யார் யாரைப் பெயிலாக்கியது?*

இந்த வினையின் இலக்கணத்தில் மிக முக்கியமான இடம் இனித்தான் வருகிறது.

'த டீச்சர் ஃபெயில்ட் த போய்.' இந்த ஆங்கில வசனத்துக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, ஆசிரியர் அந்தப் பையனுக்குச் சித்தியடையாத புள்ளி போட்டார். மற்றது, ஆசிரியர் அந்தப் பையனைக் கைவிட்டார். அவன் அவரை நம்பியிருந்தான், அவர் அந்த நம்பிக்கைக்கு உதவவில்லை. எழுத்து ஒன்றுதான், சொற்கள் ஒன்றுதான். எந்தப் பொருள் என்பது சூழலைப் பொறுத்தது.

இரண்டாவது பொருள்தான் வேருக்கு நெருக்கமானது. மழை வயலைக் கைவிடுவது போல. 'ஆசிரியர்' என்ற இடத்தில் பெற்றோர் என்று போடலாம், பாடசாலை என்று போடலாம், ஊர் என்று போடலாம்.

ஒரு பாடத்துக்கு வருடக்கணக்கில் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளை அந்தப் பாடத்தில் டபிள்யூ எடுக்கிறது. அங்கே இந்த வினைக்கு எழுவாய் யார்? தரம் 3இல் வாசிக்கத் தெரியாமலே தரம் 4க்கு ஏறி, அப்படியே தரம் 11 வரை வந்த பிள்ளைக்கு வரலாற்றுப் பாடம் வரவில்லை. எழுவாய் யார்? வாப்பா வெளிநாட்டில், உம்மா நோயாளி, பின்னேரம் கடையில் நின்று குடும்பத்தைப் பார்க்கும் பையன் கணக்கில் 30 எடுக்கிறான். எழுவாய் யார்?

இதை வாசிக்கும்போது "அப்படியென்றால் பிள்ளைக்குப் பொறுப்பே இல்லையா?" என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. பொறுப்பு உண்டு. விடிய விடிய ஃபோனில் கேம் விளையாடிவிட்டு வகுப்பில் தூங்கும் பிள்ளைக்கு அதை முகத்துக்கு நேரே சொல்லத்தான் வேண்டும். எழுவாய் எப்போதும் பிள்ளை இல்லை, எப்போதும் மற்றவர்களும் இல்லை. ஒவ்வொரு தடவையும் தேடிப் பார்க்க வேண்டும் என்பதுதான் நம் வாதம். "அவன் பெயில்" என்ற இரண்டு சொல் வசனம் அந்தத் தேடலையே நிறுத்திவிடுகிறது.

*இனிப்புத் தடவச் சொல்கிறோமா?*

இன்னொரு எதிர்வாதமும் வரும். "பெயில் என்று சொல்லாவிட்டால் பிள்ளைக்குப் பயம் இருக்காது, படிக்காது. எல்லாருக்கும் நல்ல பேச்சுப் பேசிப் பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள்."

பொய் சொல்லும்படி நாம் கேட்கவில்லை. இந்தச் சொல்லின் வேரே ஏமாற்றுதல்தான், அதற்காகப் பிள்ளையையும் ஏமாற்ற வேண்டாம். 28 என்றால் 28. டபிள்யூ என்றால் டபிள்யூ. மறைக்காமல் சொல்லுங்கள். சித்தியடையாத பிள்ளைக்குச் சித்தி கொடுக்கவும் கூடாது. பலவீனமான அத்திவாரத்தில் மாடி கட்டினால் என்ன நடக்கும் என்று மேசன் வேலை செய்யும் எந்தச் சகோதரரிடம் கேட்டாலும் சொல்வார்.

உண்மையில், மறைக்கிற சொல் பெயில்தான். 34 எடுத்தவனும் பெயில், 4 எடுத்தவனும் பெயில். ஒருவனுக்கு ஒரு கேள்வி குறைந்தது, மற்றவனுக்கு எட்டு வருடப் பாடம் குறைகிறது. இரண்டு பேருக்கும் ஒரே சொல்லைச் சொன்னால் அதில் என்ன தகவல் இருக்கிறது? "பின்னம் விளங்கவில்லை, அதனால் சதவீதமும் வட்டியும் விளங்கவில்லை" என்று சொல்வது பெயில் என்பதை விடக் கடுமையான உண்மை. ஆனால் அந்த உண்மைக்குக் கைபிடி இருக்கிறது. பிடித்து வேலை செய்யலாம். பெயில் என்ற சொல்லுக்குக் கைபிடி இல்லை.

பயத்தைப் பற்றியும் ஒன்று. பயத்தில் படிக்கும் பிள்ளை உண்டு. ஆனால் பயத்தில் பரீட்சைக்கே போகாமல் நிற்கும் பிள்ளையும் உண்டு. பெறுபேறு வந்த அன்று வீட்டை விட்டு வெளியே வராத பிள்ளை உண்டு. இரண்டாவது தடவை எழுத விண்ணப்பிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் பெண் பிள்ளை உண்டு, "இனிப் படித்து என்ன" என்று அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வீடும் உண்டு. ஒரு சொல் எத்தனை கதவை மூடுகிறது பாருங்கள்.

*பாஸ் என்றால் என்ன?*

எதிர்ச்சொல்லையும் பார்ப்போம். 'பாஸ்' என்பதும் பிரெஞ்சு வழியாக வந்த இலத்தீன் சொல்தான். அதன் வேர் 'பாஸுஸ்', காலடி என்று பொருள். அடி எடுத்து வைத்துக் கடந்து போதல். பஸ் ஒன்று சந்தியைக் கடந்து போவதற்கும் இதே சொல்தான். ஆகவே பாஸ் என்றால் கடந்துவிட்டான். பாஸ் இல்லை என்றால் இன்னும் கடக்கவில்லை. அடுத்த வருடமும் அந்தச் சந்தி அங்கேயே இருக்கும்.

நாம் எழுத்தில் பயன்படுத்தும் 'சித்தி' என்ற சொல்லும் அழகானது. கைகூடுதல் என்று பொருள். சித்தியடையவில்லை என்றால் இந்த முறை கைகூடவில்லை. அவ்வளவுதான்.

தினமும் ஐந்து வேளை பாங்கில் கேட்கும் 'ஃபலாஹ்' என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். வெற்றி என்று பொருள் சொல்கிறோம். அதன் அரபு வேர் நிலத்தைப் பிளந்து உழுதலைக் குறிக்கும். அதே வேரில் பிறந்த 'ஃபல்லாஹ்' என்றால் விவசாயி. ஆங்கில 'ஃபெயில்' உடன் இதற்கு உறவு எதுவும் இல்லை, எழுத்துகள் ஒத்திருப்பது தற்செயல். ஆனால் வெற்றி என்ற சொல்லுக்குள் ஒரு கலப்பை இருக்கிறது. உழுபவன் ஒரு போகம் தவறினால் நிலத்தை விட்டு ஓடுவதில்லை.

*பாதைகள் உண்டு*

'ஃபெயில்' என்ற சொல்லிலிருந்து பொறியியலாளர்கள் ஒரு நல்ல சொல்லை உண்டாக்கினார்கள். 'ஃபெயில் சேஃப்'. ஏதாவது பழுதானாலும் ஆபத்து வராதபடி முன்கூட்டியே அமைத்தல். 1872இல் அமெரிக்கரான ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் புகையிரதத்துக்கு ஒரு காற்றுப் பிரேக் செய்தார். அதில் குழாய்க்குள் இருக்கும் காற்றழுத்தம்தான் பிரேக்கைப் பிடிக்கவிடாமல் விலக்கி வைத்திருக்கும். குழாய் வெடித்தால் அழுத்தம் போய்விடும், பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். பழுது வரும் என்று தெரிந்தே கட்டிய பாதுகாப்பு.

கல்வியிலும் அப்படிச் சில ஏற்பாடுகள் நம் நாட்டில் இருக்கின்றன. ஊருக்குத்தான் போதுமான அளவு தெரியவில்லை.

ஓ.எல். பரீட்சையை மறுபடி எழுதலாம். எல்லாப் பாடத்தையும் எழுத வேண்டும் என்றில்லை, தேவையான பாடங்களுக்கு மட்டும் தோற்றலாம்.

2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் கீழ் உயர்தரத்தில் தொழிற்துறைப் பிரிவு இருக்கிறது. ஓ.எல். பெறுபேறு எப்படி இருந்தாலும் அதில் சேர்ந்து பாடசாலையிலேயே படிப்பைத் தொடரலாம். எல்லாப் பாடசாலையிலும் இல்லை, எங்கே இருக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம்.

தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ., 1ஆம் மட்டத்திலிருந்து 7ஆம் மட்டம் வரை போகிறது. 5, 6 டிப்ளோமா மட்டங்கள். 7 பட்ட மட்டம். அந்தப் பாதையில் வரும் பிள்ளைகளுக்காகவே இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. அதற்கான சட்டம் 2008இல் நிறைவேறியது. வயரிங் வேலையில் தொடங்கும் பிள்ளை பட்டதாரி ஆகும் பாதை தாளில் வரையப்பட்டே இருக்கிறது. அந்தத் தாளைப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன்னர் நாம் பெயில் என்ற சொல்லைக் கொடுத்துவிடுகிறோம்.

*நாம் செய்யக் கூடியது*

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். இந்தப் பெறுபேற்றிலிருந்து நான்கு காரியங்கள்.

"பாஸா, பெயிலா?" என்று அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கேட்பதை நிறுத்துவோம். அந்தப் பிள்ளையாகச் சொன்னால் கேட்போம்.

9 ஏ எடுத்த பிள்ளையின் படத்தை பேனரில் போடுங்கள், சந்தோசம். அந்தப் பிள்ளை உழைத்தது. ஆனால் குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் மற்றப் பிள்ளைகளின் பெறுபேற்றைக் கேட்டு வாங்கிப் போட வேண்டாம்.

பெறுபேற்றுத் தாளை வைத்துக்கொண்டு பிள்ளையோடு உட்காருங்கள். எந்தப் பாடம், அந்தப் பாடத்தில் எந்தப் பகுதி, அது எந்தத் தரத்திலிருந்து விளங்காமல் போனது என்று கேளுங்கள். பிறகு பாடசாலைக்கு வந்து ஆசிரியரிடம் இதையே கேளுங்கள். ஜெர்மன் டொக்டரின் கேள்விதான்: என்ன குறைகிறது?

பள்ளி நிர்வாகங்களும் விளையாட்டுக் கழகங்களும் பெறுபேறு வரும் வாரத்தில் ஒரு பின்னேரம் ஒதுக்கட்டும். பாராட்டு விழாவுக்கு முன்னர், டபிள்யூ எடுத்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அடுத்த பாதையைச் சொல்லும் ஒரு கூட்டம். அதில் பேச இந்த ஊரின் ஆசிரியர்கள் நாங்கள் வருவோம், சம்பளமோ மாலையோ வேண்டாம்.

பெயில் என்ற சொல்லை அகராதியிலிருந்து அழிக்க முடியாது, அழிக்கவும் தேவையில்லை. பிரேக்குக்குச் சொல்லுங்கள், மழைக்குச் சொல்லுங்கள், மின்சாரத்துக்குச் சொல்லுங்கள். பாடத்துக்கும் சொல்லலாம், அது நடந்த ஒரு காரியம். பிள்ளைக்குப் பெயராக மட்டும் வைக்காதீர்கள். பெயர் வைக்கும் நாளில் நல்ல பொருள் பார்த்து, ஆலிமிடம் கேட்டு, ஏழாம் நாள் அகீகாக் கொடுத்து ஒரு பெயர் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. அந்தப் பெயரால் கூப்பிடுவோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவரின் கல்வியிலும் பரக்கத் செய்வானாக.

பிரயோசனம் என்று நினைத்தால், பெறுபேறு வருவதற்கு முன்னர் ஒரு பெற்றோருக்காவது அனுப்பிவிடுங்கள்.